தாலுக்தாரின் கார் நின்ற இடம்

1

இன்று காலை சென்னையிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. நான் வீட்டுக்குப் பின்னால் பாத்தியில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கோமதி, தாலுக்தார் பேசுதாரு. நீயே வந்து பேசு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனவர் திரும்பவும் தலையை நீட்டி, "எனக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாது" என்றார்.

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. தாலுக்தார் என்பது அவர் குடும்பப் பெயர்; எங்கள் கல்கத்தா டாலிகஞ்ச் குடியிருப்பின் முன்னாள் செயலாளர். போன மாசி மாதம் காரை விற்றுவிட்டு, மூன்றாவது மாடி வீட்டைப் பூட்டிக்கொண்டு, சென்னையில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். வீடு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. எங்கள் பின்கட்டுக்கு எதிரே அவர் கார் நிறுத்தி வந்த சிமெண்டுத் தளமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். நேற்று ஞாயிற்றுக்கிழமை நானும் எதிர்வீட்டு ஷிப்ராதியும் சேர்ந்து ஆள் விட்டு அதை உடைத்துப் போட்டோம். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை.

ராத்திரி முழுக்க என் கணவர் புரண்டு புரண்டு படுத்தார். "அவரு கேஸு கீஸுன்னு போனா என்ன செய்ய? மிச்சத் தோட்டத்தையும் மூடுங்கன்னு கமிட்டியில சொன்னா? அந்தச் சண்டைய எல்லாம் இந்த வயசுல நம்மால தாங்க முடியாதுட்டி. பேசாம இத வித்துட்டு ஊருக்கே போயிருவோம்" என்றார். பாளையங்கோட்டையில் என் தம்பி இடம் பார்த்து வைத்திருக்கிறான். இவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஞாயிறுதோறும் அவன் தொலைபேசியில் கேட்கும் ஒரே கேள்வி, "எப்பக்கா வாரீங்க?" என்பதுதான். ஆக, இன்று காலை தொலைபேசியின் மறுமுனையில் இருந்தது வெறும் சிமெண்டு விவகாரம் இல்லை. தாலுக்தார் குரலை உயர்த்தினால் என் பாத்தி போகும். பாத்தி போனால் இந்த ஊரில் எங்களைப் பிடித்து வைக்க என் பக்கம் வேறு வலுவான காரணம் இல்லை.

யாரோ அவருக்குச் சொல்லியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். இந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டில் மீன் கருகினால் அடுத்த கட்டடத்தில் அது என்ன மீன் என்று பேசிக்கொள்வார்கள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, சண்டைக்குத் தயாராகவே ரிசீவரை எடுத்தேன்.

"பௌதி," என்றார் தாலுக்தார். அண்ணி என்று அர்த்தம். இவரைவிட அவர் வயதில் மூத்தவர்தான், ஆனால் முதல் நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். "பௌதி, உங்க ஊர்ல இந்த மழை எப்பத்தான் நிக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஏன் சிரித்தேன் என்று ஊரில் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

2

நாங்கள் கல்கத்தா வந்தது என் கணவரின் வேலை மாற்றத்தில். முதலில் கார்டன் ரீச்சில், நதி ஓரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அழைத்து வந்தார். அந்த மூன்று வருடம் இன்னும் முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் டாலிகஞ்சில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் இந்தத் தரைத்தள வீட்டை வாங்கினோம். தரைத்தளத்தை வாங்க ஆள் இல்லை. ஆடி ஆவணியில் வாசல் வரை தண்ணீர் வரும், கொசு வரும், சமயத்தில் தவளையும் வரும். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. பின்கதவைத் திறந்தால் மதில் வரைக்கும் மண் இருந்தது. எனக்கு அது போதும்.

ஊர்க்காரர்கள் நினைப்பதுபோல நான் ஒன்றும் காட்டில் வந்து விழவில்லை. லேக் மார்க்கெட்டுக்குப் போனால் நல்லெண்ணெய் முதல் அப்பளம் வரை கிடைக்கும். முழம் போட்டு மல்லிகை விற்கும் அம்மாள் நம் பாஷையில் நம்மிடமே பேரம் பேசுவாள். நான் ஏங்கி இளைத்துப்போனதாக என் தங்கை ஒரு கல்யாண வீட்டில் சொன்னாளாம். என் எடையை அவள் பார்க்கவில்லை.

வாங்கிய முதல் வருடம் நவராத்திரிப் பூஜை முடிந்ததும் குடியிருப்பே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியது. இங்கே குளிர்காலம்தான் பூக்காலம். டாலியா, சந்திரமல்லிகை என்று இவர்கள் கொண்டாடும் சாமந்தி, பெட்டூனியா எல்லாம் மார்கழி தை மாதங்களில் பூக்கும். அதற்கு ஐப்பசியிலேயே மண்ணைக் கொத்தி நாற்றை ஊன்றிவிட வேண்டும். நானும் நாற்று வாங்கினேன். ஆனால் ஊன்றவில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டதே, மழை வருமே. எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி நமுத்துப் போகாத ஒரு வருடம் கூட எனக்கு ஞாபகமில்லை. அதனால் பாத்தியை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கினேன். சுற்றிலும் வாய்க்கால் வெட்டினேன். நாற்றுத் தொட்டிகளை வராந்தாவில் அடுக்கி அவற்றுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் கட்டினேன். தண்ணீர் தெருவுக்கு வடிய மதிலோரம் ஓட்டை போட்டேன். எல்லாம் முடித்துவிட்டு, மழைக்குக் காத்திருந்தேன்.

வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கார்த்திகை வந்தது. அப்போதும் ஒரு சொட்டு இல்லை. இந்த ஊரில் மழை புரட்டாசியோடு மூட்டை கட்டிவிடும் என்று மூளைக்குத் தெரியும், ஏழெட்டு வருடம் இங்கே குடை பிடித்தவள்தானே. ஆனால் மண்ணைத் தொட்டதும் கை திருநெல்வேலிக் கையாகிவிட்டது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று நாற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசியில் பொங்கல் கழித்து ஊன்றினேன். மொட்டு விட ஆரம்பித்தபோது பங்குனி வெயில் வந்து அத்தனையையும் சுருட்டிவிட்டது.

குடியிருப்பே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் தாலுக்தார். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து என் வாய்க்காலைப் பார்த்து, "பௌதி, மெட்ராஸ் மழை ரயில்ல வருதாம், லேட்டாம்!" என்று கத்துவார். அதற்கு அந்தக் குடியிருப்பின் பால்கனிகள் எல்லாம் சேர்ந்து சிரிக்கும். நான் அடுத்த வருடம் பூஜைக்கு மறுநாளே மண்வெட்டியை எடுத்தேன். மேட்டுப் பாத்தியை மட்டும் கலைக்கவில்லை. அது என் வீம்பு.

3

ஷிப்ராதி எனக்குப் பழக்கமானது திருட்டில்.

ஒரு விடிகாலையில் பின்கதவைத் திறந்தால், பிளாஸ்டிக் பையும் கையுமாக ஓர் அம்மாள் என் நந்தியாவட்டையைப் பறித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த வங்காளத்தில் "திருடி, திருடி" என்று கத்தினேன். அவர் அசையவே இல்லை. பறித்து முடித்துவிட்டு, "சாமிக்குப் பறிச்சா அது திருட்டில்ல. இந்த ஊர்ல இது எல்லாருக்கும் தெரியும். உனக்கும் இப்பத் தெரிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். நிஜமாகவே இங்கே அப்படித்தான். காலை நடைக்குப் போகும் பெரிய மனிதர்கள் எல்லாம் அடுத்தவர் மதிலுக்குமேல் கையை நீட்டிப் பூஜைக்குப் பறித்துக்கொண்டு போவார்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் கேட்டேன். மறுநாள் அதே நேரத்தில் கதவுக்குப் பின்னால் காத்திருந்து, பறிக்க வந்தவர் கையில் களைக்கொத்தியைக் கொடுத்தேன். "சாமிக்குப் பூ எடுக்கலாம். ஆனா சாமிக்காகக் களையும் எடுக்கணும்" என்றேன். அவர் பையை மதில்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்து களை எடுத்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு ஷிப்ராதி, ஷிப்ரா அக்கா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாள். என் பெயரை இன்று வரை கோமோதி என்றுதான் கூப்பிடுகிறார்.

கடைசிப் பூ கொடுப்பதை எனக்குக் காட்டியதும் அவர்தான். தீபாவளியை ஒட்டி வரும் காளிபூஜை கழிந்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டம் வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் மழைக்காலச் செடிகளில் மிச்சம் இருக்கும் பூவை ஒன்றுவிடாமல் வெட்டுவோம். காஸ்மோஸ், ஜினியா, காசித்தும்பை, காலையில் வெள்ளையாகவும் மாலையில் சிவப்பாகவும் இருக்கும் ஸ்தலபத்மம், எல்லாம் வாளி வாளியாகச் சேரும். வீட்டுக்கு ஒரு கைப்பிடி கொண்டுபோய்க் கொடுப்போம். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு பூ கூடச் செடியில் இருக்கக் கூடாது. பூவோடு ஒரு செடியைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது என்பதால் ஏற்பட்ட வழக்கமாம். வெறும் பாத்தியை முன்பே கொத்தலாம்; பூச்செடி நிற்கும் பாத்தியில் மட்டும், கொடுத்து முடித்த பிறகுதான் செடிகளைப் பிடுங்கிக் கொத்துவது.

முதல் வருடமே நான் என் பங்கைக் கைப்பிடியாகக் கொடுக்கவில்லை. லேக் மார்க்கெட்டில் வாழைநார் வாங்கி வந்து, காசித்தும்பையையும் ஜினியாவையும் நெருக்கிக் கட்டிக் கதம்பமாகக் கொடுத்தேன். வாங்கியவர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருத்தி கதவில் மாட்டினாள், ஒருத்தி டிவி மேல் போட்டாள். நான் வீடு வீடாகத் திரும்பப் போய், தலையில் வைத்துக் காட்டிவிட்டு வந்தேன். இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புப் பெண்கள் கடைத்தெருவுக்குப் போனால், கட்டிய பூவை வைத்து எந்தக் குடியிருப்பு என்று சொல்லிவிடுவார்கள்.

4

புத்தாயிரம் பிறந்ததும் எல்லோரும் கார் வாங்க ஆரம்பித்தார்கள். முதலில் வாங்கியவர்களில் தாலுக்தார் ஒருவர். வெள்ளை மாருதி.

பூஜை முடிந்து தேவியை ஆற்றில் கரைத்த பிறகு இங்கே விஜயா என்று கொண்டாடுவார்கள். சின்னவர்கள் பெரியவர்கள் காலில் விழுவார்கள், ஆண்கள் கட்டித் தழுவிக்கொள்வார்கள், வீட்டுக்கு வீடு இனிப்பு. பழைய மனஸ்தாபத்தை எல்லாம் விட்டுவிட வேண்டும். குடியிருப்பு சார்பில் மாடிக் கூடத்தில் ஒரு சாயங்காலம் கூட்டமும் நடக்கும். அந்தக் கூட்டத்தில், இனிப்புக்கும் பாட்டுக்கும் நடுவில், செயலாளர் தாலுக்தார் எழுந்து மிகச் சாதாரணமாகச் சொன்னார்: பின்பக்கத் தோட்டத்தில் பாதிக்குச் சிமெண்டு போட்டுக் கார் நிறுத்தும் இடமாக்கப் போகிறோம். அந்த நாளில் யாரும் சண்டை போட மாட்டார்கள் என்று தெரிந்துதான் அந்த நாளைப் பார்த்தார்.

நான் போட்டேன். ஒரு கையில் தேங்காய் உருண்டையோடு எழுந்து நின்று, என் வங்காளத்தில் அவரைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டேன். நான் அந்தப் பாஷையைக் கற்றது காய்கறிக்காரனிடமும் வேலைக்கு வரும் பெண்ணிடமும். அதனால் கோபம் வந்ததும் செயலாளரை நீ, வா, போ என்று பேசியிருக்கிறேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் மீனா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, ப்ளீஸ், சுப் கோரோ. எல்லாரும் பாக்கிறாங்க" என்றாள். அவளுக்குத் தமிழில் வாயை மூடு என்று சொல்லத் தெரியாமல் இல்லை. அவசரத்துக்கு வருவது வங்காளம்தான்.

தாலுக்தார் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மெதுவாகச் சொன்னார்.

"பௌதி, உங்களுக்கு ஊர் இருக்கு. ரிடையர் ஆனதும் போயிடுவீங்க. எங்கப்பா பிரிவினையப்ப எல்லைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு தகரப் பெட்டியோட வந்தார். எங்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்ல. இருக்கப் போறவங்கதான இருக்கிற இடத்தப் பத்தி முடிவு பண்ணணும்?"

இதற்கு நான் என்ன சொல்ல? ஒரு மனிதன் தன் அப்பாவின் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்த பிறகு, என் காசித்தும்பையைப் பற்றி எப்படிப் பேசுவது? ஆனாலும் உட்காரும்போது என்னையும் அறியாமல் தமிழில், "போறது யாருன்னு பாப்பம்" என்றேன். மீனாவைத் தவிர யாருக்கும் புரியவில்லை.

அந்த வார்த்தை பல நாள் என்னை அரித்தது. ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு, வாக்காளர் அட்டை, எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நிரந்தர முகவரி என்ற இடத்தில் டாலிகஞ்ச் என்று எழுதுவேன். எழுதியதைப் பார்த்துவிட்டு, "இது சரி, சொந்த ஊர் எது?" என்று கேட்பார்கள். அந்த ஊருக்குப் போனால் "கல்கத்தாக்காரங்க வந்தாச்சு" என்பார்கள். இரண்டு பக்கமும் என்னை வழியனுப்பி வைப்பதிலேயே குறியாக இருந்தார்கள். நான் மட்டும்தான் பாத்திக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

காளிபூஜை கழிந்த ஞாயிறு பூக் கொடுத்தோம். தாலுக்தார் வீட்டுக்கும் கொடுத்தேன், வழக்கத்தை விடக் கூடாதே. புதன்கிழமை ஆட்கள் வந்து பாத்தியில் பாதிக்குச் சிமெண்டு போட்டார்கள். காய்ந்ததும் வெள்ளை மாருதி வந்து நின்றது.

5

சிமெண்டு போட்டாலும் மிச்சப் பாதி என்னிடம்தான் இருந்தது. அதற்கு உரம் போட வேண்டாமா?

இங்கே குளிர்காலப் பூவுக்கு எல்லோரும் போடுவது கடுகுப் புண்ணாக்கு. வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பத்து நாள் மூடி வைத்தால் புளித்து நுரைக்கும். அந்த நாற்றத்தை எழுதிப் புரியவைக்க என்னால் முடியாது. மற்றவர்கள் அதைத் தண்ணீர் கலந்து, மாலையில், காற்று இல்லாத நேரம் பார்த்து ஊற்றுவார்கள். நான் காலையில், தாலுக்தார் அலுவலகம் கிளம்பும் நேரம் பார்த்து, கார் ஓரமாக இருந்த வரிசையிலிருந்து ஆரம்பிப்பேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார். "பௌதி, இன்னைக்குமா?" என்பார். "டாலியாவுக்குப் பசிக்குதாமே" என்பேன். அந்த வருடம் அவர் கார் தை மாதம் வரை நாறியது. அவர் அலுவலகத்தில் எல்லோரும் அதில் ஏற மாட்டோம் என்றார்களாம். ஷிப்ராதி சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை.

ஒவ்வொரு வருடமும் இதே கூத்து நடந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஒரு தை மாதக் காலையில் பார்த்தால், முந்தின நாள் பூப் பாரம் தாங்காமல் சாய்ந்து கிடந்த என் பெரிய சிவப்பு டாலியா நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் ஒரு குச்சி. குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு கறுப்பு ஷூ லேஸ். இந்தக் குடியிருப்பில் அந்த நேரத்துக்கு ஷூ போட்டுக்கொண்டு பின்பக்கம் வருகிறவர் ஒருவர்தான். அன்று மாலை அவர் காரை நிறுத்தும்போது நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு ஷூவில் சணல் கயிறு. மறுநாள் புண்ணாக்குத் தண்ணீரைக் கொஞ்சம் தள்ளி ஊற்றினேன். ஒரே ஒரு நாள்தான்.

6

நேற்று இந்த வருடத்துப் பூக் கொடுக்கும் ஞாயிறு. விடிந்ததிலிருந்து வெட்டினோம். முன்பு வீட்டுக்கு ஒரு முழம் கதம்பம் கட்டிய எனக்கு, இந்தத் தடவை ஆளுக்கு ஒரு சாண்கூடத் தேறவில்லை. மாடிகளில் குடும்பங்கள் கூடியிருக்கின்றன, பாத்தி பாதியாகிவிட்டது. கடைசி வீட்டுக்குக் கொடுக்கும்போது அந்தப் பெண் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா மாசிமா?" என்று சித்தி முறை வைத்துக் கேட்டாள். அவள் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

கீழே வந்து செடியைப் பிடுங்கிவிட்டு மண்வெட்டியைப் போட்டேன். வழக்கம்போல டங்கென்று சிமெண்டு விளிம்பில் இடித்தது. ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் இடிக்கும், அங்கே கார் நிற்கும், நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவேன். இந்த வருடம் நிமிர்ந்து பார்த்தேன். கார் இல்லை. ஓரத்தில் ஓர் எண்ணெய்க் கறை. நடுவில் வெடிப்பில் ஒரு காஸ்மோஸ் செடி முளைத்து, பூத்து நின்றது.

அந்தப் பூவையும் பறித்து ஷிப்ராதியிடம் கொடுத்தேன். பறித்தாகிவிட்டது, இனி பிடுங்கலாம். அடுத்த கட்டடத்தில் மதில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கடப்பாரையோடு கூப்பிட்டேன். ஷிப்ராதி, "கேக்க வேண்டாமா கோமோதி?" என்றார். "அக்கா, நீங்க என் நந்தியாவட்டையைக் கேட்டா பறிச்சீங்க?" என்றேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல் பொறுக்க வந்துவிட்டார்.

இதே ஊரில் சால்ட் லேக்கில் வேலை பார்க்கும் மீனா மத்தியானம் சாப்பிட வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, அது அவங்க ப்ராப்பர்ட்டி! லீகல் நோட்டீஸ் வந்தா?" என்று ஆங்கிலமும் வங்காளமுமாகக் கத்தினாள். அப்புறம் உள்ளே போய்ப் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்து, உடைந்த துண்டுகளைச் சட்டியில் அள்ளிக் கொட்ட ஆரம்பித்தாள். அவள் தமிழ் எனக்குப் பற்றாது. ஆனால் வீம்பு என்னுடையதுதான் என்று நேற்று நிச்சயமாயிற்று.

7

இதோ, ரிசீவர் கையில் இருக்கிறது, நான் சிரித்து முடித்துவிட்டேன்.

"சிரிங்க, சிரிங்க," என்றார் தாலுக்தார். "நான் அன்னைக்கு உங்களப் பாத்துச் சிரிச்சேன் இல்ல? இங்க வேளச்சேரியில எட்டாவது மாடி. கல்கத்தாவுலேர்ந்து சந்திரமல்லிகை நாத்து ஈரத் துணியில சுத்தி ரயில்ல வரவழைச்சேன். பூஜை முடிஞ்ச மறுநாளே பால்கனித் தொட்டியில வச்சேன், நம்ம கணக்குப்படி. அன்னைக்குப் பிடிச்ச மழை, பௌதி. எல்லாம் அழுகிப்போச்சு. வாட்ச்மேன் வந்து பாத்துட்டு, மழை மாசத்துல எவனாவது செடி வைப்பானா சேட்டுன்னு சிரிக்கிறான். நான் சேட்டாம்!"

"எப்ப ஊருக்குப் போறீங்கன்னு கேக்கிறாங்களா?" என்றேன்.

"தினமும் லிஃப்ட்ல கேக்கிறாங்க."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஒரு நொடி எனக்குப் பாவமாக இருந்தது. திரும்பிப் போக ஊர் இல்லை என்று சொன்ன மனிதர், எட்டாவது மாடியில் அழுகிய நாற்றோடு நிற்கிறார். ஆனால் இந்தப் பக்கம் என் கணவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் இன்னொரு நாள் ஒளிந்துகொண்டு சொல்ல வேண்டும். ஒளிவது எனக்கு வராது.

"தாலுக்தார்தா," என்றேன், அண்ணா என்ற அர்த்தத்தில். "உங்க கார் நின்ன இடத்த நேத்து உடைச்சிட்டேன்."

தொலைபேசியில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நம்ம ஊர் மழை. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முழுசாவா?"

"முழுசா."

"கேக்கலியே நீங்க."

"கேக்கல. நீங்க மூடும்போதும் என்னையக் கேக்கல."

மறுபடி மழைச் சத்தம். யாரோ உள்ளே அவரைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டார்கள்.

"மண்ணு எப்படி இருக்கு?" என்றார் கடைசியில்.

"செத்துக் கெடக்கு. ரெண்டு தடவ கொத்தணும். புண்ணாக்கு ஊறப் போட்டிருக்கேன்."

"நல்லா ஊத்துங்க. காலையிலயே ஊத்துங்க. நாறுறதுக்குத்தான் இப்ப அங்க கார் இல்லயே." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "என்ன நிறம் வைக்கப் போறீங்க?"

"மஞ்சள்."

"ஒரு வரிசை வெள்ளை வையுங்க பௌதி. மதிலோரமா."

"வைக்கிறேன். சாஞ்சா குச்சி வச்சுக் கட்ட நீங்கதான் வரணும். என்கிட்ட ஷூ லேஸ் கெடையாது."

அவர் சிரித்தாரா தும்மினாரா என்று மழையில் தெரியவில்லை. "வரேன்," என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "அது இருக்கட்டும், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே? இந்த மழை எப்ப நிக்கும்?"

"அத உங்க வாட்ச்மேன்கிட்டக் கேளுங்க," என்றேன். "எனக்கென்ன தெரியும்? நான் டாலிகஞ்சுக்காரி."

ரிசீவரை வைத்துவிட்டு, எப்ப வாரீங்க என்று கேட்கும் என் தம்பிக்குச் சொல்ல வேண்டியதையும் அதிலேயே சொல்லிவிட்டதாக என் கணவரிடம் சொன்னேன். அவர் போய், புண்ணாக்கு வாளியின் மூடியைத் திறந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே கலக்க ஆரம்பித்தார்.